ஊர் தாண்டினால் கைக்கு என்ன சாட்சி?

தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளம் பக்கத்தில் வீடு கட்ட நினைக்கிறவர் கொத்தனாரின் படிப்பை விசாரிப்பதில்லை. அவர் கட்டிய வீடுகள் எங்கெங்கே இருக்கின்றன, எத்தனை மழைக்காலம் கண்டும் கீறல் விடாமல் நிற்கின்றன என்றுதான் விசாரிப்பார். கரிசல் மண்ணின் குணம் அப்படி. ஐப்பசி மழையில் ஊறி உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். இங்கே சுவர் எழுப்புகிறவருக்குக் கரிசல் எந்த ஆழத்தில் முடிந்து சுக்கான் தட்டுப்படும் என்பது தெரிந்திருக்க வேண்டும். வானம் தோண்டிய குழியில் எவ்வளவு மணல் போட்டுத் தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும், எந்த இடத்தில் சிக்கனம் பார்த்தால் மூலை பிளந்துகொள்ளும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்.

அதே கொத்தனார் மழை பொய்த்த ஒரு வருடத்தில் சென்னைக்கோ எர்ணாகுளத்துக்கோ துபாய்க்கோ போகிறார். அங்கே அவர் கட்டிய வீடுகளைப் பார்த்தவர் யாரும் இல்லை. "சர்டிபிகேட் இருக்கா அண்ணாச்சி?" என்கிறார் ஆள் எடுக்கிறவர். இல்லை என்றதும் ஹெல்பர் கூலி. இருபது வருடம் கரண்டி பிடித்த கை மறுபடி கலவைச் சட்டி தூக்கப் போய்விடுகிறது. வெளிநாட்டுப் பயணத்திலும் இதே கதைதான். பத்தாம் வகுப்பு தேறாதவருக்குக் கிடைப்பது 'ஈசிஆர்' பாஸ்போர்ட். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்முன் அவர் தனி அனுமதி வாங்க வேண்டும். ஏமாற்றப்படக்கூடியவரைக் காப்பதற்கான ஏற்பாடு அது, நோக்கத்தில் பிழையில்லை. ஆனாலும், ஒருவர் விவரம் தெரிந்த தொழிலாளியா இல்லையா என்பதை அரசு அளப்பது பள்ளிக்கூடத்துப் படியை வைத்துத்தான்.

எழுத்துச் சான்று இல்லாத அனுபவஸ்தர்களின் திறனை யார், எப்படி, எதற்காக மதிப்பிடுவது என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. சொந்த ஊரில் அவர்களுக்குச் சான்றிதழ் தேவையே இல்லை. ஊரைத் தாண்டியதும் அது இல்லாமல் முடியாது. இதை மறந்துவிட்டுப் போடப்பட்ட திட்டங்கள்தான் பெரும்பாலும் வீணாகியிருக்கின்றன என்பது என் கருத்து.

2015-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கை ஒரு கணக்குச் சொன்னது. இந்தியத் தொழிலாளர்களில் முறையான திறன் பயிற்சி பெற்றவர்கள் 4.69 சதவீதம், ஜெர்மனியில் 75, ஜப்பானில் 80, தென்கொரியாவில் 96 சதவீதம். நம் நாட்டில் திறமையே இல்லை என்பதற்குச் சான்றாக இந்த எண்ணை மேடைக்கு மேடை எடுத்துச் சொன்னார்கள். மீதி 95 சதவீதம் பேரும் தொழில் தெரியாதவர்கள் என்றால் இந்த நாட்டின் வீடுகளைக் கட்டியவர் யார், படகுகளைச் செப்பனிட்டவர் யார், மோட்டார்களுக்குக் காயில் கட்டியவர் யார்? அந்தக் கணக்கு அளந்தது காகிதத்தை. கையை அளக்க அதில் இடமில்லை.

கையை அளக்க இந்தக் கடற்கரைக்கு ஒரு பழைய வழி தெரியும். அதற்குப் பெயர் பங்கு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். ஆங்கிலேயர் காலத்தில், குளித்து எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. மூச்சடக்கத் தெரிந்தவருக்கு மூட்டை கனத்தது, தெரியாதவருக்கு இல்லை. வேம்பாரிலும் சிப்பிகுளத்திலும் இன்றைக்கும் மீன்பிடி வருமானம் பங்காகத்தான் பிரிகிறது. தோணி செய்யும் ஓடாவி வரைபடத்தைவிடக் கண்ணளவை நம்பி வேலை செய்தார். அவர் செய்த தோணி கொழும்புக்குப் போய்த் திரும்புவதுதான் அவருக்கான மதிப்பெண். நேர்மையான முறை அது. ஆனால் அதன் எல்லை அந்தக் கடற்கரையோடு முடிந்துவிடுகிறது. படகை விட்டு இறங்கிக் கட்டட வேலைக்குப் போன கடல்காரருக்கு அவருடைய பங்குக் கணக்கு எதற்கும் உதவுவதில்லை.

அரசு இந்தப் பக்கம் திரும்பியது தாமதமாகத்தான். 2007-இல் வந்த திறன் மேம்பாட்டு முன்முயற்சித் திட்டம், பயிற்சிக்கே வராமல் நேரடியாகத் தேர்வு எழுத அனுபவசாலிகளுக்குக் கதவு திறந்தது. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. 2015 ஜூலையில் பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனா தொடங்கியது. 'முன்கற்றல் அங்கீகாரம்', சுருக்கமாக ஆர்பிஎல், அதன் ஒரு பிரிவு. 2016 முதல் 2020 வரையிலான இரண்டாம் கட்டத்தில் 1 கோடிப் பேர் என்று இலக்கு வைத்தார்கள். அதில் 40 லட்சம் பேர் ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்கள். அவர்களைச் சோதித்துச் சான்று தருவது மட்டுமே வேலை.

எண்ணம் நல்ல எண்ணம்தான். நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு முகாமில் 12 மணி நேர அறிமுக வகுப்பு. அதில் தொழிலுக்கென ஒதுக்கியது பாதி நேரம். பிறகு எழுத்துத் தேர்வு, செய்முறை, வாய்மொழிக் கேள்வி. தேறியவருக்குச் சான்றிதழும் 500 ரூபாயும். தேர்ந்த கொத்தனாருக்கு அது ஒரு நாள் கூலிக்கும் காணாது. முகாமுக்கு வந்த நாட்களில் அவர் இழந்த கூலியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை, அந்தச் சான்றிதழைக் காட்டினால் கூலி ஒரு ரூபாயாவது கூடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு வேலைகளைத் திறனற்றது, அரைத்திறன், திறனுள்ளது என்றெல்லாம் பிரித்துத்தான் கூலி நிர்ணயிக்கிறது. ஆர்பிஎல் சான்று வைத்திருப்பவரைத் திறனுள்ளவர் வரிசையில் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தக்காரரைக் கட்டாயப்படுத்தும் விதி இருந்திருந்தால் தொழிலாளர்கள் தாங்களே முகாமைத் தேடி வந்திருப்பார்கள். அது இல்லாததால், ஆள் சேர்ப்பது முகாம் நடத்துகிற நிறுவனங்களின் கவலையாகிவிட்டது. இலக்கு எட்ட வேண்டும், தலைக்கு இவ்வளவு என்று பணம் வரும் என்கிறபோது சோதனை கண்டிப்பாக நடக்காது. இந்தச் சான்றுகளை வழங்கிய துறைத் திறன் மன்றங்களை ஆராய்ந்த சாரதா பிரசாத் குழு 2016-லேயே இந்த அமைப்பைக் கடுமையாகக் குறை சொன்னது. 2015 முதல் 2022 வரையிலான கணக்குகளைப் பார்த்த தலைமைத் தணிக்கையாளர், மிகப் பெரும்பாலான பயனாளிகளின் வங்கிக் கணக்கு விவரம் வெறுமையாகவோ பொருளற்ற எழுத்துகளாகவோ கிடந்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

அனுபவசாலிகளைச் சோதிப்பதே நடக்காத காரியம் என்று இதை வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. நடக்கிறது, நம் கண்ணெதிரிலேயே, தூத்துக்குடி மாவட்டத்திலேயே நடக்கிறது.

வெல்டர்களைப் பாருங்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் 5. ஒவ்வொன்றிலும் உயரழுத்த நீராவி ஓடும் கொதிகலன் குழாய்கள். பராமரிப்புக்கு நிறுத்தும்போதெல்லாம் அவற்றில் பற்றவைப்பு வேலை இருக்கும். அதைத் தொடுகிறவர் 1950-ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி சோதனையில் தேறியிருக்க வேண்டும். தேறிய பிறகும் சான்றை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் 'சிக்ஸ் ஜி' என்று சொல்லும் சோதனையும் இந்த வகைதான். குழாயை 45 பாகை சாய்த்து அசையாமல் பிணைத்துவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் குனிந்தும் மல்லாந்தும் பக்கவாட்டில் ஒடுங்கியும் சுற்றி வர வேண்டும். மேலே பற்றவைக்கும்போது உருகிய உலோகம் ஒரு பக்கம் சரியும். அடியில் போகும்போது சொட்டப் பார்க்கும். முதல் ஓட்டான ரூட்டில் துளி இடைவெளி விட்டாலும் உள்ளே குறை தங்கிவிடும். முடித்த பிறகு துண்டு வெட்டி வளைத்துப் பார்க்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள். பற்றவைப்பு வளைவில் பிளக்காமல், படத்தில் கறுப்புப் புள்ளி இல்லாமல் இருந்தால் தேர்ச்சி. எந்தக் கல்லூரி என்று எக்ஸ்ரே படம் கேட்பதில்லை. தேறியவருக்கு மறுநாளே கூலி வேறு. தொழிலாளி, முதலாளி, அரசு என்று மூவரும் நம்பும் சோதனை இது. செய்த பொருளே சாட்சி சொல்கிறது, தேறியவருக்குப் பணத்தில் பலன் கிடைக்கிறது என்பவைதான் அந்த நம்பிக்கைக்குக் காரணம்.

சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற தமிழ்நாட்டு இளைஞர்கள் 'ஸ்கில் டெஸ்ட்' முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். அதிலும் இதே தர்க்கம்தான். திறன் தரம் உயர்ந்த தொழிலாளிக்கு முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய மாத வரி அங்கே குறைகிறது. ஆகவே சான்றிதழில் முதலாளிக்கும் அக்கறை வருகிறது. ஏஜென்டுகளின் கொள்ளை இந்தச் சோதனையைச் சுற்றி நடக்கிறது என்பது தனியாகப் பேச வேண்டிய அவலம்.

நம் மாநிலத்திலும் அதிகம் பேசப்படாத ஒரு நல்ல ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது: மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அரசு ஐடிஐக்கள் வழியாக நடத்துவது. வயரிங் தொழிலில் 5 ஆண்டு செய்முறை அனுபவம் இருக்க வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. மின் வேலை என்பது உயிரோடு விளையாடும் வேலை. தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில், உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமாகத்தான் அது நடக்க வேண்டும் என்கிறது மின் பாதுகாப்பு விதி. ஆகவே இந்தச் சான்று சும்மா சட்டம் போட்டு மாட்டிவைக்கிற காகிதம் அல்ல. தொழில் செய்ய உரிமை தருவது. தொழிற்சாலைகளில் மூன்றாண்டு வேலை பார்த்தவர்கள் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதவும் வழி இருக்கிறது. இந்த அறிவிப்புகள் மாவட்ட நிர்வாகத்தின் செய்திக்குறிப்பாகப் பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரியில் வந்துபோகின்றன. தெரிய வேண்டியவர் கண்ணில் படுவதில்லை.

ஒரே நாளில் சோதிக்கவே முடியாத தொழில்களும் உண்டு. விளாத்திகுளம் வட்டாரத்தின் கரிமூட்டத்தை எடுத்துக்கொள்வோம். சீமைக்கருவேல விறகை நெருக்கி அடுக்கி, மேலே தழையோ வைக்கோலோ பரப்பி, ஈரமண் அப்பி மூடித் தீ வைக்கிறார்கள். அதன்பிறகு வேலை என்பது புகையைப் பார்த்துக்கொண்டிருப்பது. முதலில் புகை வெள்ளையாக, அடர்த்தியாக வரும். விறகின் ஈரம் வெளியேறுகிறது என்று பொருள். நாள் போகப்போக அது மெலிந்து நீலம் பாரிக்கும், வேக்காடு முடியப்போகிறது. இடையில் எந்தப் பக்கம் மண் விரிசல் கண்டு காற்று உள்ளே போகிறதோ, அந்தப் பக்கத்து விறகு கரியாகாமல் சாம்பலாகிவிடும். நடுராத்திரியில் எழுந்து சுற்றி வந்து, விரிசலை அடைத்து, அடங்கிக் கிடக்கிற பக்கம் துளை போட்டு, மூட்டம் முழுவதும் ஒரே சீராக வேகும்படி பார்த்துக்கொள்கிறவர்தான் தொழில்காரர். இதற்கு இருபது கேள்வி கொண்ட தாள் எதைக் காட்டும்? மதிப்பிடுகிறவர் தீ வைத்த நாளிலும் பிரிக்கிற நாளிலும் வந்து, எத்தனை எடை விறகுக்கு எத்தனை எடை கரி கிடைத்தது, நொறுங்கலும் அரைவேக்காடும் எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். தீக்காயமும் புகையும் இந்த வேலையோடு ஒட்டிப்பிறந்தவை. அதனால் பாதுகாப்பில் அவருக்கு என்ன தெரியவில்லை என்பதையும் அதே மதிப்பீடு சொல்ல வேண்டும்.

தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்வதுதான் நல்ல மதிப்பீட்டின் அடையாளம் என்று நினைக்கிறேன். பிரான்சில் 2002 ஜனவரியில் வந்த சட்டம், அனுபவத்தை வைத்தே முழுப் பட்டயமும் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது. நடுவர் குழு அவரது வேலையை ஆராய்ந்து முழுதாகவோ பகுதியாகவோ அங்கீகரிக்கலாம். பகுதி என்றால் மீதிக்கு என்ன கற்க வேண்டும் என்று சொல்லும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் ஏழு நிலைகள் கொண்ட தேசிய தொழிற்தகைமைக் கட்டமைப்பு இருக்கிறது. வகுப்புக்கே போகாத தச்சரும் மேசனும் தங்கள் வேலைக்கான ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டிச் சான்று பெற அதில் வழி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் தேர்ச்சி அல்லது தோல்வி என்ற இரண்டே பெட்டிகள்தான். ஐம்பது வயதில் தோற்றவர் என்று எழுதி வாங்கிக்கொள்ள எந்தத் தொழிலாளி வருவார்?

கேட்கிற விதத்தில்தான் பாதி இருக்கிறது. ஓர் அறையின் மூலையைச் சரியாகப் பிடித்துக் காட்டும்படி கொத்தனாரிடம் சொன்னால், கயிறு கட்டி ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்து முளை அடித்துவிடுவார். டியூப் மட்டத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தே நாலு மூலைக்கும் மட்டம் எடுத்துவிடுவார். அவரையே உட்காரவைத்து, செங்கோணம் காண உதவும் தேற்றம் எது என்று நாலு விடை கொடுத்துக் குறிக்கச் சொன்னால் விழிப்பார். கேள்வி பிழை, அவர் பிழை இல்லை. ஆகவே தேர்வாளர்களில் ஒருவராவது அந்தத் தொழிலிலேயே பழுத்த மூத்த மேஸ்திரியாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஐடிஐ பயிற்றுநர் ஒருவர். சோதனை, வேலை நடக்கிற இடத்தில், வட்டாரத்துப் பேச்சில் நடக்க வேண்டும். கரிசலில் அஸ்திவாரம் போடத் தெரிவது ஒரு தனித் திறன் என்று நாடு முழுமைக்கும் பொதுவான வினாத்தாளுக்குத் தெரியாது. நம்மூர் மேஸ்திரிக்குத் தெரியும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. கட்டட வேலையில் ஓர் ஆண் பையனாகச் சேர்ந்து, கையாளாகி, சில வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிவிடுகிறார். அதே நாளில் சித்தாளாகச் சேர்ந்த பெண் முப்பது வருடம் கழித்தும் சித்தாள்தான். கலவை விகிதம் அவருக்குத் தெரியும். எந்தச் செங்கல் நன்றாக வெந்தது என்று தட்டிப் பார்த்துச் சொல்வார். பூச்சு எப்போது இறுகும், எப்போது தண்ணீர் விட வேண்டும் என்பது அத்துபடி. கரண்டி மட்டும் அவர் கைக்கு வருவதில்லை. பெண்ணை ஏற்றிவிடும் பழக்கம் மேஸ்திரிகளிடம் இல்லை. அப்படியிருக்க, வெளியிலிருந்து வரும் ஒரு மதிப்பீடுதான் அவருக்கு ஏணியாக முடியும். கட்டடத் தொழிலாளர் நலவாரிய அட்டை அதைச் செய்யாது. ஆண்டுக்கு 90 நாள் கட்டட வேலை பார்த்தவர் என்பதை மட்டும் அது சொல்லும்; என்ன தெரிந்தவர் என்பதைச் சொல்லாது.

கைத்தொழிலை அங்கீகரிப்பது என்றதும் தமிழ்நாட்டில் சாதி குறித்த அச்சம் எழும். அதில் நியாயம் உண்டு. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டுக் கைவிடப்பட்டது இந்த மாநிலத்தின் நினைவில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்குத் திறன் சரிபார்ப்பு, நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகையுடன் பயிற்சி, 15,000 ரூபாய்க்குக் கருவிகள், 5 சதவீத வட்டியில் கடன் எல்லாம் தருகிறது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைக் காட்டித் தமிழ்நாடு அதை அப்படியே ஏற்க மறுத்தது. அதற்குப் பதிலாக மாநில அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 தொழில்களுக்கு, 35 வயது கடந்த யாருக்கும், 3 லட்சம் ரூபாய் வரை கடனும் அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் என்று அமைந்தது. அப்பா செய்த தொழில் எது என்று கேட்காமல் உனக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்பதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடனும் மானியமும் தொழில் வைக்க உதவும். பிறரிடம் கூலிக்குப் போகிறவரின் திறனுக்கு அது சாட்சி ஆகாது. அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

படிப்புக் கணக்குப் பார்க்காமல் திறமையை ஏற்றுக்கொண்ட வரலாறு இந்தக் கரிசல் சீமைக்கு உண்டு. விளாத்திகுளம் சுவாமிகளின் ராக ஆலாபனையைக் கேட்டவர்கள் அவரிடம் எந்தப் பட்டமும் கேட்கவில்லை. அவரிடம் சங்கீதம் கேட்டு வளர்ந்த இடைசெவல் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முடிக்காத விவசாயி. 1989-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரை நாட்டுப்புறவியல் பணிக்கு வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அவருடைய எழுத்தும் சேகரிப்பும் அச்சில் இருந்தன. படித்துப் பார்த்து முடிவெடுக்க அறிந்தவர்கள் இருந்தார்கள். பல்கலைக்கழகமே செய்ய முடிந்ததைப் பொதுப்பணித் துறையும் வீட்டுவசதி வாரியமும் ஏன் செய்ய முடியாது? அரசு விடுகிற ஒவ்வொரு கட்டட ஒப்பந்தத்திலும் இத்தனை பேர் சோதித்துச் சான்று பெற்ற தொழிலாளர்களாக இருக்க வேண்டும், அவர்களுக்குத் திறனுள்ளோர் கூலி தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதட்டும். சோதனைக்கு வருகிற நாளின் கூலியை நலவாரிய நிதியிலிருந்து கொடுக்கட்டும். மதிப்பீட்டுக்கான இடங்களாக அரசு ஐடிஐக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை.

அரசு செய்யும்வரை நாம் செய்யக்கூடிய ஒன்று உண்டு. உங்கள் தெருவில் சான்றில்லாமல் வயரிங் வேலை பார்க்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். மின்கம்பியாள் உதவியாளர் தேர்வுக்கான அறிவிப்பு அடுத்த முறை வரும்போது அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். படிவம் நிரப்பத் தயங்கினால் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். அவருக்கு வயது ஐம்பது ஆகியிருந்தாலும் பரவாயில்லை. அந்தத் தேர்வுக்கு மேல் வயது வரம்பு கிடையாது.